சேகரிப்பா, குவிப்பா? – ஒரு காமிக்ஸ் பைத்தியத்தின் கணக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், இளைஞர் ஒருவர் என்னைத் தன் நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தினார். "சார்கிட்ட தமிழ் காமிக்ஸ் மொத்தமும் இருக்கு!" என்றார். "எத்தனை சார் இருக்கும்?" என்று உடனே கேள்வி வந்தது. "ஒரு மூவாயிரம் இருக்கும்" என்று நானும் கூசாமல் சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்ததே இல்லை. மிளகுக் கிட்டங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவன், தன் வீட்டுச் சரக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் வைகாசியில் என் பெண் போன் செய்தாள். தலைப்பிரசவம். ஐப்பசியில் நாள் குறித்திருந்தார்கள். நம் வழக்கப்படி தாய் வீட்டுக்கு வர வேண்டும். அவள் சொன்னது இதுதான்: "அப்பா, நான் இங்க அத்தை வீட்லயே இருந்துக்கறேன். பக்கத்து ரூம்ல இருக்கற புத்தகத்தையெல்லாம் எடுத்து எங்க வெப்பீங்க? உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் மிகவும் பரிவோடு சொன்னாள். அதுதான் சுருக்கென்றது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அது அவளுடைய அறை. கல்யாணமாகிப் போன மறு மாதமே நான் முதல் பெட்டியை உள்ளே கொண்டு வைத்தேன். 'தற்காலிகமாக' என்றுதான் சொன்னேன்.

சேகரிப்பதற்கும் குவிப்பதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். நம் வாசகர்களில் காமிக்ஸ் சேர்ப்பவர்கள் சிலர்தான் இருப்பார்கள். ஆனால் ஸ்டாம்பு, நாணயம், பழைய தீபாவளி மலர்கள், இசைத்தட்டுகள், ஏன், எவர்சில்வர் பாத்திரம் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் வார்த்தைகளைப் பார்ப்போம். சேர்ப்பது, குவிப்பது, பதுக்குவது என்று தமிழில் தனித்தனியாகவே இருக்கின்றன. சேர்ப்பதில் ஒரு தேர்வு இருக்கிறது; இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. குவிப்பதில் தேர்வு கிடையாது. வந்தது விழுகிறது, அவ்வளவுதான். பதுக்கல் என்றால் ரேஷன் அரிசி ஞாபகம் வரும். பிறருக்குக் கிடைக்காமல் செய்து விலை ஏறும்வரை காத்திருப்பது. காமிக்ஸ் உலகில் இந்த மூன்று வகையினரும் உண்டு. நான் முதல் வகையில் ஆரம்பித்து, எனக்கே தெரியாமல் இரண்டாவதுக்குப் போனவன். மூன்றாவதற்கு வேண்டிய சாமர்த்தியம் எனக்கு இல்லை.

எப்படி ஆரம்பித்தது? 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் மனிதனின் கதை. 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் ஆரம்பமான தொடர் அது. படம் வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டுக்காரர். இந்த வரலாறெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மாயாவி சிவகாசிக்காரர் என்றே நம்பினேன். எனக்கு எட்டு வயது. வியாபார விஷயமாகக் கோவை போன அப்பா அந்த இதழை வாங்கி வந்தார். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாத குஜராத்திப் பையன்கூடப் படம் பார்த்துக் கதையைப் புரிந்துகொண்டான். (பின்னாளில் என் பெண்ணிடம் "மாயாவி" என்றால், மலையாளத்துப் பாலரமாவில் வரும் குட்டிச்சாத்தானைத்தான் சொல்வாள். என் மாயாவியைக் காட்டியபோது, "இவருக்கு ஏம்ப்பா வால் இல்ல?" என்றாள்.)

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ வளர்ந்த பையனுக்கு, இந்த மாத இதழ் தவறினால் பழைய புத்தகக் கடையில் அடுத்த மாதம் கிடைத்துவிடும். நமக்கு அப்படியில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் ரயிலில் வந்து இறங்க வேண்டும். மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறி எர்ணாகுளம் போய், புத்தகக் கடையில் விசாரித்தால், "வந்தது, தீர்ந்து போயி" என்பார்கள். சில மாதம் வரவே வராது. 1984 ஜூலையில் நிலைமை இன்னும் தீவிரமானது. அந்த ஒரே மாதத்தில் விஜயனை ஆசிரியராகக் கொண்ட லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் தொடங்கின. லயனில் மாடஸ்டி, ராணியில் ஜேம்ஸ் பாண்ட். ராணி காமிக்ஸ் மாதம் இரண்டு முறை வந்தது. மூன்று பத்திரிகைகளையும் எல்லை தாண்டித் துரத்திப் பிடிப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் வித்து. கிடைத்தபோது இரண்டாக வாங்கி வைத்தேன். தமிழ்நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் உட்காருவதற்கு முன் பழைய புத்தகக் கடையில் உட்கார்ந்தேன். கட்டாக வாங்கினால் மலிவு என்று கட்டாகவே வாங்கினேன். வீட்டுக்கு வந்து எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அப்படியே உள்ளே போய்விடும். நாற்பது வயதுக்கு மேல் இன்னொன்றும் நடந்தது. வாங்குவதில் இருந்த சந்தோஷம் படிப்பதில் இருந்த சந்தோஷத்தை விழுங்கிவிட்டது. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றபோது, மீதி இதழ்களையும் 'முடித்து'விட வேண்டும் என்று வெறியே வந்தது. முடித்தேனா என்பது தெரியாது. ஏனென்றால் என்னிடம் பட்டியல் கிடையாது.

பெண் போன் செய்த மறு வாரம் அறையைத் திறந்தேன். இடவப்பாதி மழை தொடங்கியிருந்தது. கதவு பாதிதான் திறந்தது. உள்ளே ஒரு கட்டு சரிந்து அணை போட்டிருந்தது. ஜன்னலை எட்ட முடியவில்லை. பத்து வருடமாக அந்த ஜன்னல் திறக்கப்படவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை. எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அந்த அறையில் மரத் தளம். மூலையில் இருந்த அப்பாவின் மரப்பெட்டியைத் தூக்கப் போனேன். மேல் பாகம் மட்டும் கையோடு வந்தது. அடிப்பாகம் மண்ணாக இருந்தது. கறையான். தளத்திலிருந்து பெட்டிக்குள், பெட்டியிலிருந்து பக்கத்துக் கட்டுகளுக்குள், அங்கிருந்து சுவரோரம் ஜன்னல் சட்டம் வரை போயிருந்தது. மழைக்காலத்து மட்டாஞ்சேரிச் சுவர் ஈரமும், பல வருடமாக யாரும் தொடாத காகிதமும் சேர்ந்தால் கறையானுக்கு வேறென்ன வேண்டும்?

என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, புத்தகம் புத்தகம்னு சொன்னீங்க, புத்துன்னு சொல்லவேயில்லையே" என்றாள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள்தான் 1972-ன் 'இரும்புக்கை மாயாவி' இருந்தது. பத்திரமாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன். அட்டையில் உள்ளங்கை அகலம் மிஞ்சியது. அந்தக் கதை அழிந்துவிடவில்லை. பிறகு மறுபதிப்பாக வந்திருக்கிறது, என்னிடமே மறுபதிப்பு இருக்கிறது. ஆனால் அப்பா கோவையிலிருந்து கொண்டு வந்தது அந்தப் பிரதிதான். அதை நான் கடைசியாக எடுத்துப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். அப்பா காலமான வருடம். பதினோரு வருடமாகத் தொடவில்லை. யாராவது கேட்டால், "முதல் இதழே என்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கறையானையும் மழையையும் குறை சொல்லிப் பயனில்லை. கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்த பாடம்: மூட்டை உள்ளே வந்த தேதியைச் சீட்டில் எழுது, முதலில் வந்தது முதலில் வெளியே போகட்டும், சுவரை ஒட்டி அடுக்காதே, தரையில் நேரே வைக்காதே, அடியில் பலகை போடு, ஈரம் ஏறிய மூட்டையைப் பிரித்து உலர்த்து. மிளகில் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டைத் தாண்டினால் பூஞ்சணம் பூக்கும். ஒரு மூட்டையில் பூத்தால் பக்கத்து மூட்டைக்கும் பரவும். இத்தனையும் தெரிந்தவன் வீட்டில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. கிட்டங்கியில் இருந்தது சரக்கு. வீட்டில் இருந்ததைச் சரக்கு என்று சொல்ல முடியாது.

இதைப் பற்றி மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட தன் நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில், பொருள் குவிக்கும் கோளாறை முதன்முதலாகத் தனி நோயாகச் சேர்த்தது. அதற்கு முன் அதை வேறு மனக்கோளாறின் ஓர் அறிகுறியாகத்தான் வைத்திருந்தார்கள். நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு பேர் வரை இது இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அடையாளங்கள்: பொருளுக்கு மதிப்பு இருக்கிறதோ இல்லையோ, அதை விட்டுப் பிரிய முடியாமை; பிரிய நேர்ந்தால் தாங்க முடியாத துன்பம்; வீட்டில் புழங்க வேண்டிய இடங்களைப் புழங்க முடியாதபடி பொருள் அடைத்துக்கொள்வது. சமையலறையில் சமைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எத்தனை பொருள் என்று எண்ணுவதில்லை. சேகரிப்பு இதில் சேராது என்பதையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். சேகரிப்பவர் திட்டமிட்டுச் சேர்க்கிறார், ஒழுங்குபடுத்தி வைக்கிறார், வீடு வீடாகவே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டு மாமா பழைய 'ஹிந்து' பேப்பர்களை அடுக்கி வைத்திருக்கிறாரே, அவருக்கு நோய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். என்னைப் போன்றவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் சோம்பேறித்தனமும் ஆசையும் கலந்த கலவைதான். ஆனால் உண்மையிலேயே இந்தக் கோளாறு உள்ளவரின் வீட்டை, அவர் ஊரில் இல்லாத நாளில் சொந்தக்காரர்கள் கூடிக் காலி செய்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. அவர் மனசு உடைந்து போகும். சில மாதங்களில் வீடும் மறுபடி நிரம்பிவிடும். பேசிப் பேசி, அவர் கையாலேயே ஒவ்வொன்றாக எடுக்க வைக்கும் சிகிச்சைதான் பலன் தருகிறது.

நியூயார்க்கில் ஹார்லம் பகுதியில் காலியர் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். படித்த குடும்பம். அண்ணன் ஹோமருக்குக் கண் பார்வை போய்விட்டது. தம்பி லாங்லி தினமும் செய்தித்தாள்களைச் சேர்த்து அடுக்கி வைத்துக்கொண்டே வந்தார். அண்ணனுக்குப் பார்வை திரும்பியதும் விட்டுப்போன செய்திகளையெல்லாம் படிக்க வேண்டுமே என்பதுதான் அவர் சொன்ன காரணம். 1947-ல் இருவரும் அந்த வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். திருடர்களுக்காகத் தாமே வைத்த பொறியில் சிக்கி, சரிந்த குவியலுக்கு அடியில் தம்பி இறந்திருந்தார். சோறு தர ஆளில்லாமல் அண்ணன் பட்டினியில் இறந்தார். வீட்டிலிருந்து 100 டன்னுக்கு மேல் அகற்றினார்களாம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பைத்தியக்காரர்கள் என்று சிரிப்பதற்காகச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் படிப்பார் என்றல்லவா அடுக்கி வைத்தார்! நானும், பேரன் பேத்தி படிப்பார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, பணம். "சார், இதெல்லாம் பின்னாடி லட்சக்கணக்கில் போகும்" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். 1938 ஜூனில் அமெரிக்காவில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், சூப்பர்மேன் அறிமுகமான இதழ், 10 சென்ட் விலையில் வந்தது. அதன் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் காரணத்தைப் பாருங்கள். சுமார் 2 லட்சம் பிரதி அச்சிட்டதில் இன்று நூறு அளவில்தான் மிஞ்சியிருக்கிறது என்கிறார்கள். மற்றவை குழந்தைகள் படித்துக் கிழித்தவை, அம்மாக்கள் தூக்கிப் போட்டவை, உலகப்போர்க் காலத்தில் பழைய காகிதத் திரட்டலில் அரைத்துக் கூழாக்கப்பட்டவை. எல்லோரும் எறிந்ததால் மிஞ்சியதற்கு விலை.

இதற்கு நேர்மாறான கதையும் அதே நாட்டில் நடந்தது. 1991-ல் 'எக்ஸ்-மென்' புதிய வரிசையின் முதல் இதழ் ஐந்து வித அட்டைகளோடு வந்து, 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாங்கியவர்கள் பலரும் நாலைந்து பிரதி வாங்கிப் பத்திரமாக வைத்தார்கள். 1992-ல் சூப்பர்மேன் 'இறந்த' இதழ் கறுப்பு உறையில் வந்தது. அதற்கும் இதே கதி. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அவற்றை இன்றும் சல்லிசாக வாங்கலாம். கொஞ்ச வருடத்தில் சந்தையே சரிந்து, 1996 டிசம்பரில் மார்வெல் கம்பெனி திவால் பாதுகாப்புக் கோரும் நிலைக்கு வந்தது. ஆகவே விலை ஏறும் என்று குவிப்பவர், தன்னைப் போலவே எத்தனை பேர் குவிக்கிறார்கள் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். தமிழிலும் பழைய முத்து காமிக்ஸ் சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போய் சுண்டல் பொட்டலமானவைதான் அந்த விலைக்குக் காரணம். இன்று சந்தா கட்டி, கெட்டி அட்டையில் வாங்கி, ஒருவரும் படிக்காமல் அலமாரியில் வைக்கும் இதழ்களுக்கு அந்த விலை வருமென்று நான் நம்பவில்லை.

இத்தனை சொன்ன பிறகு ஒரு கேள்வி எழும். எல்லோரும் கணக்காக, அளவாக இருந்தால் பழையது எதுவுமே மிஞ்சாதே? நியாயமான கேள்வி. இதற்கு நம் ஆளே ஒருவர் இருக்கிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் ஆரம்பித்து, 1992-ல் காலமாகும்வரை சேர்த்தார். நூல்கள், பத்திரிகைகள் மட்டுமல்ல. நாடக நோட்டீஸ், காலணா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று ஊர் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-ல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தரமணியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வருபவர் அந்த வாசலை மிதிக்காமல் போக முடியாது.

எண்ணிக்கையில் பார்த்தால் முத்தையா என்னைப்போல் ஐம்பது மடங்கு. இடத்தை அடைத்துக்கொண்டதிலும் அப்படித்தான் இருக்கும். அப்படியிருக்க அவர் சேகரிப்பாளர், நான் குவிப்பாளன் என்பது எப்படி? இதை வெகுநாள் யோசித்தேன். அவரிடம் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தேடி வந்தவருக்குத் தேடியது கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூருக்கே போய்ப் பார்த்தார்கள். என்னிடம் யாராவது வந்து, 'தலை வாங்கிக் குரங்கு வேணும் சார்' என்று கேட்டிருந்தால், "இருக்கு, எடுத்துத் தரேன்" என்று சொல்லி ஒரு வருடம் இழுத்தடித்திருப்பேன். அப்படி இழுத்தடித்தும் இருக்கிறேன். இரவல் கொடுக்காததற்கு எனக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு தீபாவளி மலரை வாங்கிக்கொண்டு போன நண்பர் துபாய்க்கே போய்விட்டார். ஆனால் அந்த ஒரு மலருக்காக முப்பது வருடம் கதவைச் சாத்தி வைத்தது அதிகம்தான்.

எடுத்துக் கொடுக்க முடியாத புத்தகத்தை இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. வீட்டில் ஒருவர் படுக்க வேண்டிய இடத்தில் அது படுத்திருக்கிறது என்றால் நாம் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டோம். என் தாழ்மையான அபிப்பிராயத்தில், விலையோ எண்ணிக்கையோ இதில் சேர்த்தி இல்லை.

ஆனியும் ஆடியும் முழுக்க அந்த அறையில் வேலை செய்தேன். கறையான் மருந்தடிக்க ஆள் வந்தது. தளத்தில் பாதியைப் பெயர்த்துச் சிமென்ட் போட்டோம். கறையான் தின்றது போக மிஞ்சியவை 1,912 இதழ்கள். மூவாயிரம் என்று சொன்னேனே, அது பொய். அதிலும் 374 இரட்டைப் பிரதிகள். ஒரே ராணி காமிக்ஸ் நான்கு பிரதி இருந்தது. ஒவ்வொரு தடவையும் 'இது நம்மிடம் இல்லை' என்று நம்பித்தானே வாங்கியிருப்பேன்! ஆக, உண்மையில் என்னிடம் இருந்தது 1,538. பேரேட்டு நோட்டு ஒன்று வாங்கிப் பதிந்தேன்: பத்திரிகை, எண், தலைப்பு, நிலை, எந்தப் பெட்டி. பதியும்போது பலவற்றை மீண்டும் படித்தேன். வேலை இழுத்ததற்கு அதுவும் காரணம்.

பராமரிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். வருடத்தில் மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இருக்கிறோம். புத்தகத்திலும் இணையத்திலும் வரும் அமெரிக்க யோசனைகள் நமக்கு அப்படியே ஒத்துவராது. கொலராடோ மாநிலத்தில் எட்கர் சர்ச் என்பவர் 1930-களின் இறுதியிலிருந்து வாங்கிச் சும்மா அடுக்கி வைத்த காமிக்ஸ்கள், 1977-ல் சக் ரோஸான்ஸ்கி என்ற வியாபாரி கையில் வந்தபோது அன்று அச்சடித்தவைபோல வெள்ளையாக இருந்தனவாம். பதினெட்டாயிரத்துக்குக் குறையாது. அது வறண்ட, குளிர்ந்த மலைப் பிரதேசம். இங்கே சும்மா அடுக்கினால் என் கதிதான்.

நம் காமிக்ஸ் அச்சானது மலிவான நியூஸ் பிரிண்ட் காகிதத்தில். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாததால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறி, அமிலம் ஊறி ஒடியும். ஆகவே ஈரம் போக்க வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக்கு அடியில் பிரித்து வைத்தால் போதும். நடுவில் அடித்த கம்பிப் பின் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் காகிதத்தையும் தின்னும். துருவேறிய பின்னை மெதுவாகக் கழற்றிவிட்டு, வெள்ளை நூலால் அதே ஓட்டையில் தைத்துவிடலாம். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது. பத்து வருடத்தில் டேப் உதிர்ந்து, மஞ்சள் கறை மட்டும் நிரந்தரமாகத் தங்கும். லாமினேஷன் செய்வது புத்தகத்துக்குச் சமாதி கட்டுவது. பிளாஸ்டிக் உறை போடுவதானால் தை, மாசியில் போடுங்கள். ஆடியில் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததுபோல ஆகிவிடும். சணல் கயிற்றால் கட்டினால் ஓரம் அறுபடும். அலமாரி சுவரிலிருந்து அரையடி தள்ளி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் நிற்கட்டும். பாச்சை உருண்டை, உலர்ந்த வேப்பிலை எல்லாம் கொஞ்சம் உதவும். ஆனால் மாதம் ஒருமுறை கதவைத் திறந்து, கையில் எடுத்துப் புரட்டுவதைப்போல் எதுவும் உதவாது. கறையானும் வெள்ளிமீன் பூச்சியும் ஆள் தொடாத இடத்தைத்தான் தேடும்.

இரட்டைப் பிரதிகளில் நல்லவற்றை நம் சங்க நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அலுவலக அறையில் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் குழந்தைகள் படம் பார்க்கவாவது எடுக்கட்டும். கொடுத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை போய் இரண்டைத் திரும்ப எடுத்து வந்தேன். செயலாளர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார். அவருக்கு நன்றி.

ஆவணி மாதம் பெண்ணை அழைத்து வந்தோம். அறையில் ஒரு கட்டில், ஒரு தொட்டில், திறக்கும் ஜன்னல். ஐப்பசியில் பேத்தி பிறந்தாள். இப்போது நடக்கிறாள், வந்தால் அலமாரியின் கீழ்த்தட்டை ஒரு கை பார்க்கிறாள். டெக்ஸ் வில்லரின் அட்டை ஒன்றைப் போன மாதம் கிழித்துவிட்டாள். ஓரத்தை ஊறவைத்த மைதா பசையால் ஒட்டி, பேரேட்டில் 'நிலை' என்ற கட்டத்தைத் திருத்தி எழுதினேன்.

மூன்று பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் மச்சில் இருக்கின்றன. மழை விட்டதும் இறக்க வேண்டும்.